ஆனை இறங்கிய நீர்

முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவன் நான். வடமாகாணப் படத்தைக் கீறச் சொன்னால் பிள்ளைகள் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என ஐந்து மாவட்டங்களுக்கும் பிசகாமல் நிறந்தீட்டித் தருவார்கள். பிறகு ஆனையிறவில் பென்சிலை வைத்து, "இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்பேன். என் பாடம் அங்கேதான் தொடங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு ஆனை இல்லை. சுண்ணக்கல்லும் கிணறும் பனையுமான நிலம் அது. ஆனையின் ஊர் ஆனையிறவுக் கடல்நீரேரிக்குத் தெற்கே, பாலையும் வீரையும் முதிரையும் வளர்ந்த வன்னிக் காடு. அங்கே பிடித்த ஆனைகளை ஆழமில்லாத இந்த நீருக்குள் இறக்கி, நடத்தித்தான் குடாநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் திறையாகக் கொடுத்ததும் ஆனைதான். போர்த்துக்கேயர் அதை வாங்கினார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் வாங்கினார்கள். இந்தியாவிலிருந்து வந்த வியாபாரிகள் யாழ்ப்பாணத்தில் விலைபேசி, கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். காட்டில் பிறந்த உயிர் உப்புநீரில் முதல் அடி வைத்த அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

மனிதர் போட்ட எல்லைகள் நிலைத்து நிற்கவில்லை. 1833இல் ஆங்கிலேயர் இலங்கையை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது, அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியவும் வடமாகாணத்துக்குள் இருந்தது. 1873இல் அதைப் பிரித்தெடுத்து வடமத்திய மாகாணம் ஆக்கினார்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். நான் மாணவனாகக் கீறிய படமும் ஆசிரியனாகக் கீறிய படமும் ஒன்றல்ல.

ஆனால் வன்னியின் கனகராயன் ஆறு பழைய வழியிலேயே வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, கடல்நீரேரியைத் தேடிப் போகிறது. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளத்தில் மாரி காலத்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. பூநாரைகள் சேற்றுநீரில் நிற்பதைப் பார்க்க ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். இந்த நிலத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது என்பது என் உறுதி.

பாடத்தின் முடிவில் இன்னொரு கோடு கீறச் சொல்வேன்: வன்னிக் காட்டிலிருந்து ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும், ஆனைகள் வந்த கோடு. ஒருமுறை பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், அதுகள் திரும்பிப் போன பாதையை எதாலை கீறுறது?"

"அதுகள் திரும்பிப் போகேல்லை, பிள்ளை" என்றேன்.