பழைய காருக்கு எந்தப் புத்தகத்தை நம்புவது?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கடலூரில் என்னிடம் சமூக அறிவியல் படித்த ஒரு தம்பி, இப்போது சிதம்பரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்று, 20/25 என்ற வகை, சீரமைப்புக்கு வந்திருக்கிறதாம். "சார், ஆளுக்கொரு புத்தகத்தைக் காட்டுறாங்க. எதை நம்புறது?" என்று கேட்டார். எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். ஆனாலும் இது நம் சரித்திர வகுப்புக் கேள்விதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போர் வரை ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் காரை விற்கவில்லை. நெடுஞ்சாலையில் வெறும் லேலண்ட் சேஸிஸை ஓட்டிக்கொண்டு கரூருக்குப் பாடி கட்டப் போவார்களே, அதே முறைதான். கம்பெனி சேஸிஸையும் என்ஜினையும் கொடுக்கும். வாங்கியவர் பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு போன்ற பாடி கட்டும் நிறுவனம் ஒன்றிடம் விடுவார். 1949-இல் வந்த சில்வர் டான்தான் கம்பெனியே பாடியோடு கொடுத்த முதல் ரோல்ஸ் ராய்ஸ். 20/25 வகை 1929 முதல் 1936 வரை 3,827 செய்யப்பட்டன. அவற்றின் கதவு, விளக்கு, இருக்கை எல்லாம் வாங்கியவர் விருப்பம். நம் சென்னையிலும் பாடி கட்டும் கைகள் இருந்தன. 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் கம்பெனியில்தான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார்.

அதனால் "20/25 இப்படித்தான் இருக்கும்" என்று அடித்துச் சொல்லும் புத்தகத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். தம்பிக்கு வேண்டியது அந்த ஒரு காரின் ஜாதகம். அதுவும் இருக்கிறது! ஒவ்வொரு சேஸிஸுக்கும் கம்பெனி ஓர் அட்டை எழுதி வைத்தது. வாங்கியவர் யார், பாடி கட்டியது யார், எந்தத் தேதி, எந்த நாட்டில் ஓடப்போகிறது என்றெல்லாம் அதில் குறித்தார்கள். 1957-இல் தொடங்கிய ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் சங்கம் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற ஊரில் இந்த ஆவணங்களைக் காத்துவருகிறது. சேஸிஸ் எண்ணைத் துடைத்துச் சரியாகப் படித்து எழுதிக் கேட்க வேண்டும். (13 என்ற எண்ணை மட்டும் ராசி பார்த்து விட்டுவிட்டார்களாம் வெள்ளைக்காரர்கள்! நம்மைத்தான் மூடநம்பிக்கை என்பார்கள்.)

அடுத்தது, காரோடு கொடுத்த கையேடும் உதிரிபாகப் பட்டியலும். என்ஜின், பிரேக் வேலைக்கு இவற்றை மிஞ்சியது இல்லை. பாடிக்கு லாரன்ஸ் டால்டன் 1975-இல் வெளியிட்ட புத்தகம் உதவும். 1906 முதல் 1939 வரை கட்டிய பாடிகளைப் பற்றியது. 20/25-க்கு மூத்தது ட்வென்டி என்ற வகை. அதைப் பற்றி ஜான் ஃபேசல் 1979-இல் எழுதினார். இந்திய மகாராஜாக்களின் கார்களைப் பற்றி 2003-இல் மன்வேந்திர சிங் பர்வானியும் சாரதா திவிவேதியும் எழுதிய புத்தகம் யாரிடம் எந்தக் கார் இருந்தது என்று பார்க்க நல்லது.

ஆனால் எந்தப் புத்தகமானாலும் வண்ணப் படத்தில் எச்சரிக்கை தேவை. பளபளக்கும் கார் படம் 1934-ஐக் காட்டுவதில்லை. அதைச் சீரமைத்தவர் செய்த வேலையைத்தான் காட்டுகிறது. ஒருவர் தவறான விளக்கைப் பொருத்துகிறார். அது படமாகிறது, படம் புத்தகத்தில் ஏறுகிறது, அடுத்த பட்டறைக்காரர் அதைப் பார்த்து அதே விளக்கைத் தேடி வாங்குகிறார். பத்து வருடத்தில் தவறே ஆதாரமாகிவிடும்.

தில்லைப் பொன்னம்பலத்தைப் பற்றி வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? கோயில் புராணம் இரணியவர்மன் கதையைச் சொல்லும். பராந்தக சோழன் பொன் வேய்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும். புராணத்தை ரசிக்கலாம். ஆண்டைக் கணக்கிடச் செப்பேட்டிடம்தான் போக வேண்டும். கார்களுக்கும் புராணம் உண்டு. லண்டன் கடையில் அவமானப்பட்ட அல்வார் மகாராஜா ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறையாவது வருகிறது. அதே கதை பாட்டியாலா, ஐதராபாத், பரத்பூர் பெயர்களிலும் சுற்றுகிறது. ஊர் மாறினாலும் கதை மாறாதபோது எனக்கு நம்பிக்கை குறைகிறது.

இதில் பணமும் சட்டமும்கூட உண்டு. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய வாகனத்தை வின்டேஜ் என்று பதிவு செய்ய, சேஸிஸ், பாடி, என்ஜின் மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். புத்தகத்தை நம்பி அசல் தகட்டை வெட்டி எறிந்தால் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே, அட்டையின் நகல் வரும் வரை பாடியில் கை வைக்காதே என்று தம்பியிடம் சொன்னேன். கதவுக் கீலின் அடியிலும் டேஷ்போர்டுக்குப் பின்னாலும் பழைய பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எறியாமல் முதலில் படமெடுத்து வைக்கச் சொன்னேன்.

இன்னொரு ஆதாரம் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். அந்தக் காலக் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை அழைப்புக் கார் இருக்கும். கறுப்பு வெள்ளையில் நிறம் தெரியாது. விளக்கு, கதவு, பாடியின் வளைவு எல்லாம் தெரியும். ஃபிரேம் மாற்றும்போது படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதன் மேல் புது அட்டை ஒட்டிவிடாதீர்கள்.