நாஞ்சில் நாட்டில் வைத்தியக் கல்வி வளர்ந்த வரலாறு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வமென்னும் பழமொழியை அறியாதார் நம்முள் இலர். ஆயினும் அச்செல்வத்தைக் காத்தற்குரிய வைத்தியசாலைகளும், அவற்றிற்கு வேண்டும் வைத்தியர்களை ஆக்கித்தரும் கல்லூரியும் நம் நாஞ்சில் நாட்டில் எங்ஙனம் தோன்றின, எத்தகைய தடைகளைக் கடந்து வந்தன என்பதை அறிந்தார் மிகச் சிலரேயாவர். ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையைப்பற்றிப் பேச்செழுங்கால், "அங்கே படிக்கிற பிள்ளைகள் நம்மீதல்லவா கைபழகுகிறார்கள்" என்று கூறி நம் சமூகத்தாரிற் பலர் அஞ்சுவதையும், தாங்கத்தக்க நோய்க்கும் நிலத்தை ஈடுவைத்து வேறிடம் தேடிச் செல்வதையும் நாம் கண்டு வருகின்றோம். அவ்வச்சம் தகுமோ தகாதோ என்பதை ஆராய்வதற்கு முன்னர், அவ்விடத்து வரலாற்றை ஒருமுறை நோக்குதல் நலமாம்.

நம் முன்னோர்க்கு வைத்தியம் புதியதன்று. வள்ளுவனார் மருந்துக்கென்றே ஓரதிகாரம் வகுத்து, நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்னும் நான்கும் கூடியதே வைத்தியமென்று வரையறுத்தனர். நம் பகுதியில் சித்த வைத்தியரும் வர்ம ஆசான்மாரும் ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தினர். ஆனால் அவ்வித்தை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கும், ஆசானிடமிருந்து அவர் நம்பிய ஓரிரு சீடர்க்குமே சென்றது. திறமையிருந்தும் குடிப்பிறப்பால் வெளியே நின்றோர்க்கு அது கிட்டியதில்லை. இந்நிலை மாறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாம். 1813-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய் அம்மை குத்தும் முறையைச் சமஸ்தானத்திற் புகுத்தி, ஜனங்களின் அச்சம் தீரும்பொருட்டு அரச குடும்பத்தாருக்கே முதலிற் குத்துவித்தனர். புதிய வைத்தியத்தைக் கண்டு அஞ்சுதல் நம் காலத்தில் மட்டும் தோன்றியதன்று என்பது இதனால் விளங்கும்.

நம் மயிலாடி இவ்வரலாற்றில் ஓரிடம் பெற்றுள்ளது. 1806-இல் இந்நாட்டிற்கு வந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார், மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்பாரின் துணையால் 1809-இல் இங்கே ஓர் ஆலயம் எழுப்பினார். கல்விப் பணியும் அக்காலத்தே இங்குத் தொடங்கிற்று. பின்னர் மீட் பாதிரியார் காலத்தில் அப்பணியின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறிற்று. லண்டன் மிஷனாரின் இப்பள்ளிக்கூட முயற்சியிலிருந்தே வைத்திய முயற்சியும் கிளைத்தது. 1838-இல் டாக்டர் ராம்சே நெய்யூருக்கு வந்தார். 1852-இல் வந்த டாக்டர் லீச் ஈராண்டுக்குள் கடலில் நீராடுங்கால் மூழ்கி இறந்தார். 1861-இல் டாக்டர் ஜான் லோ வந்தனர்.

டாக்டர் லோ செய்த காரியங்களுள் நாம் முக்கியமாக எண்ணத்தக்கது, அவர் 1860-களில் உள்ளூர் வாலிபர்களைச் சேர்த்து வைத்திய வகுப்பொன்று தொடங்கியதேயாகும். ஒரு வைத்தியர் எத்துணை உழைப்பினும் ஓரூருக்கே பயன்படுவார். அவர் பத்து வைத்தியரை ஆக்குவாராயின் பத்தூர் பயனடையும். இவ்வகுப்பிற் பயின்றோர் கிளை வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். கோவில் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும் தடையிருந்த அந்நாட்களில், சாதி பாராது நோயாளர் ஒரே திண்ணையிற் காத்திருந்ததும், தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகள் நாடி பார்க்கக் கற்றதும் சிறு செய்திகளல்ல.

இதே காலத்தில் நாகர்கோவிலில் மற்றொரு முயற்சியும் தோன்றிற்று. இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் என்னும் இளைஞர் 1893-இல் தம் இல்லத்துக் குளியலறையையே மருந்தகமாக்கி ஏழைகளுக்கு மருந்து வழங்கினார். அதுவே பின்னர் காதரின் பூத் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. நெய்யூரிலோ, எவரெஸ்ட் சிகரமேறும் முயற்சியில் 1922, 1924 ஆகிய ஆண்டுகளிற் பங்குகொண்ட டாக்டர் சோமர்வெல் வந்தமர்ந்தார். 1922-இல் மலையினின்று இறங்கி நாடு சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளர் திரளையும், அவர்க்கு வேண்டும் அளவு வைத்தியர் இல்லாமையையும் கண்டு, தம் நாட்டுப் பெரும் பதவிகளைத் துறந்தனர். இந்நாட்டு ஏழைகளை வருத்திய குடற்புண்ணுக்குச் சஸ்திர சிகிச்சை செய்வதில் அவர் பேர்பெற்றார். 1949-இல் வேலூர்க் கல்லூரிக்குச் சென்று அங்கே போதகாசிரியராக விளங்கினார்.

இவையனைத்தும் அயல்நாட்டார் செய்த உபகாரம். நம்மவர் வைத்தியம் பயில முயன்ற காலத்து அரசினரிடம் பெற்ற மரியாதை யாது? இதற்கு டாக்டர் பல்பு என்பாரின் சரித்திரமே போதும். 1863-இல் திருவனந்தபுரத்தில் ஈழவ சமூகத்திற் பிறந்த இவர், சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றுத் திரும்பி, சமஸ்தான உத்தியோகத்திற்கு விண்ணப்பித்தார். சாதியின் பொருட்டு அது மறுக்கப்பட்டது. தம் நாட்டார் வேண்டாமென்ற வைத்தியரை மைசூர் சமஸ்தானத்தார் ஏற்றுக்கொண்டனர். அங்கே கொள்ளைநோய் பரவிய காலத்து உயிரைப் பொருட்படுத்தாது அவர் பணிபுரிந்தார். 1896-இல் 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் அரசினரிடம் சமர்ப்பித்தவரும் இவரே. 1903-இல் எழுந்த ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்திற்கு மூலகாரணமாயிருந்தோருள்ளும் இவர் ஒருவர். ஒரு வைத்தியருக்கு நேர்ந்த அவமதிப்பு ஒரு பெருஞ் சமூகச் சங்கத்தின் வித்துக்களுள் ஒன்றாயிற்று என்பதை, நம் போன்ற சங்கத்தார் மறக்கலாகாது.

சாதி ஒரு கதவாயின், பெண்மை மற்றொரு கதவாயிற்று. 1886-இற் பிறந்த டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், திருவிதாங்கூரின் முதல் வைத்தியப் பட்டதாரியின் புதல்வியாராயிருந்தும், பெண்ணென்னும் ஒரே காரணத்தால் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் விஞ்ஞானம் பயில இடம் பெற்றாரிலர். சரித்திரம் படித்து 1909-இற் பட்டம் பெற்று, லண்டன் சென்று வைத்தியப் பட்டமெய்தி, 1916-இல் தாயகம் திரும்பினார். 1938-இல் அச்சமஸ்தானத்து வைத்திய இலாகாவின் தலைமையே அவர் கைக்கு வந்தது. நாகர்கோவிலில் க்ஷயரோக சானடோரியம் நிறுவியவர் இவ்வம்மையாரே.

அச்சானடோரியத்திலிருந்தே நம் கல்லூரியின் கதை தொடங்குகிறது. க்ஷயரோகத்திற்கு மருந்தில்லாத அந்நாட்களில், நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாயிருந்தன. ஆகலின் ஊருக்குப் புறத்தே விசாலமான நிலத்திற் கட்டிடங்கள் எழுப்பி நோயாளரை மாதக்கணக்கில் வைத்திருந்தனர். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1956-இல் சென்னையில் க்ஷயரோக மருந்தாராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கு 193 ஏழை நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு அவர்தம் குடிசையிலுமே மருந்து கொடுத்துப் பார்த்தனர். ஒழுங்காக மருந்துண்டால் இரண்டிடத்தும் குணம் ஏறக்குறைய ஒன்றே என்பது 1959-இல் வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரின் சுற்றத்தாருக்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. உலகெங்கணும் சானடோரியங்கள் மூடப்படுதற்கு நம் தமிழ்நாட்டில் நடந்த இவ்வாராய்ச்சி பெருங்காரணமாயிற்று. இவ்வாறு தம் பழைய பயன் நீங்கிய ஆசாரிப்பள்ளத்து நிலத்திலேதான் 2001-இல் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி தோன்றிற்று.

இவ்விடத்தே ஒரு குறையையும் சொல்லாமற் போவதற்கில்லை. 1951-இல் திருவனந்தபுரத்தில் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டபொழுது, நம் நாஞ்சில் நாடும் அதே ராஜ்யத்தைச் சேர்ந்ததாயிருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். அது நாம் பாடுபட்டுப் பெற்ற பேறு. ஆனால் அன்று முதல் திருவனந்தபுரத்துக் கல்லூரி அயல் ராஜ்யத்துக் கல்லூரியாயிற்று. 1965-இல் திருநெல்வேலியிற் கல்லூரி எழுந்தது. நம் ஜில்லாவிலோ, இணைப்பு நிகழ்ந்து 45 ஆண்டுகள் கழிந்த பின்னரே ஓர் அரசு வைத்தியக் கல்லூரி வந்தது. அந்நாற்பத்தைந்தாண்டுகளில், விபத்துற்றோரையும் பிரசவத்தில் தவித்தோரையும் வண்டியிலேற்றி மலைச்சரிவு கடந்து ஓடிய குடும்பங்கள் நம்முள் எத்தனை என்பதை அவரவரே அறிவர்.

இனி, பட்டமேற்படிப்பென்பது யாதென்பதைச் சிறிது விளக்குவோம். நாலரை ஆண்டு பயின்று, ஓராண்டு வைத்தியசாலையிற் பழகினவரே வைத்தியராவர். அதன்மேல் மூன்றாண்டு ஒரு துறையில் மட்டும் அமர்ந்து பயின்றவர் அத்துறையில் நிபுணராவர். உட்துறைகளுக்கு மேலும் மூன்றாண்டு உண்டு. 1946-இல் வெளியான போர் கமிட்டியின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு வைத்தியரே உளரெனக் காட்டி, உயர்தர வைத்தியபோதனைக்கு ஒரு நடுநிலையம் வேண்டுமென வற்புறுத்திற்று. அதன் பயனாக 1956-இல் டில்லியிலும், பின்னர் 1962-இல் சண்டீகரிலும் பெருநிலையங்கள் எழுந்தன. 1823-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த கல்லூரி, 1964-இல் ஜிப்மர் என்னும் பட்டமேற்படிப்பு நிலையமாக உயர்ந்தது. ஆசாரிப்பள்ளத்திலும் இன்று பட்டமேற்படிப்புத் துறைகள் உள்ளன. இதனால் நோயாளிக்கு வரும் நன்மை யாதெனில், நள்ளிரவிலும் ஒரு துறையில் ஆழ்ந்து பயிலும் வைத்தியர் விடுதியிலிருந்து எழுந்து வருதற்கு வழியுண்டாதலேயாம்.

"கைபழகுதல்" என்னும் அச்சத்திற்கு இப்பொழுது விடை கூறுவோம். மயிலாடியின் கற்பட்டறைகளை உலகம் அறியும். அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் கையில் விக்கிரகத்தின் கண் திறக்கும் வேலையை எவரேனும் கொடுப்பரோ? அவன் முதலிற் கல்லைப் பிளக்கவும், பின்னர்ப் புறத்தைச் செதுக்கவும், ஆண்டுகள் பல கழிந்த பின்னரே நுண்வேலை செய்யவும் பழகுகிறான். ஆசான் கண் அவன் உளியின்மேலேயே இருக்கும். போதனா வைத்தியசாலையும் இத்தகையதே. மாணாக்கன் கேட்கிறான், பயிற்சி வைத்தியன் எழுதுகிறான், பட்டமேற்படிப்பாளன் ஆராய்கிறான், உதவிப் பேராசிரியர் சரிபார்க்கிறார், பேராசிரியர் படுக்கைதோறும் வந்து, ஏன் இம்மருந்து, ஏன் அதுவன்று என்று அனைவர் முன்னிலையிலும் வினவுகிறார். தனியொருவர் பார்த்துத் தனியே முடிவு செய்யுமிடத்து எழாத கேள்வி இங்கே எழும். கூட்டமும், காத்திருப்பும், சில வேளைகளில் கடுஞ்சொல்லும் அரசு வைத்தியசாலைகளில் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அவற்றைத் திருத்தும்படி கேட்பது நம் உரிமை. அவற்றின் பொருட்டு அவ்விடத்தைக் கைவிடுவது நம் பேதைமை.

அக்கற்பட்டறைகளைக் குறித்தே மற்றொன்றும் கூறவேண்டும். கருங்கல்லைச் செதுக்குங்கால் எழும் நுண்தூசி மார்பிற் சென்று தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கும். அங்ஙனம் தழும்பேறிய மார்பில் க்ஷயரோகம் எளிதிற் குடிபுகும். தழும்பை நீக்க மருந்தில்லை. வருமுன் காத்தலே வழி. கல்லை நனைத்துச் செதுக்குதலும், தகுந்த மூச்சுக்கவசம் அணிதலும், ஆண்டுக்கொருமுறை மார்பைப் படம்பிடித்துப் பார்த்தலும் உயிரைக் காக்கும். க்ஷயரோகியருக்கென்றே எழுந்த ஆசாரிப்பள்ளம், உளியேந்தும் நம் ஊராருக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கின்றது. இருமல் முற்றி இரத்தம் கண்ட பின்னர் ஓடுவதினும், இருமலில்லாத நாளிலே சென்று காட்டுவது அறிவுடைமையாம்.

நம் சங்கத்தார் செய்யத்தக்கவை மூன்றுள. முதலாவது, பொருட்கதவு. சாதிக்கதவும் பெண்மைக்கதவும் சட்டத்தால் திறந்தன. அரசுப் பள்ளியிற் பயின்ற பிள்ளைகளுக்கு வைத்தியப் பட்டப்படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கி 2020-இல் தமிழகத்திற் சட்டமும் வந்தது. ஆனால் பட்டம் பெற்றபின், மேற்படிப்புக்குரிய தகுதித்தேர்வுக்காக ஊதியமின்றி ஓரிரு ஆண்டு அமர்ந்து படிக்க ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளால் இயல்வதில்லை; வீட்டுக் கடனை எண்ணி அங்கேயே நின்றுவிடுகின்றனர். மேற்படிப்பிற் சேர்ந்துவிட்டால் அரசே உதவித்தொகை தரும். இடைப்பட்ட அவ்வோராண்டே கடத்தற்கரிய ஆறு. நம் கல்வி நிதி அவ்வாற்றுக்கு ஓர் ஓடமாகுக. கலியாணப் பந்தலுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும்.

இரண்டாவது, உடல்தானம். 1836-இல் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் சாதி வழக்கத்தை மீறி மனித சரீரத்தை அறுத்துக் காட்டியபொழுதே இந்நாட்டில் புதிய வைத்தியக் கல்வி வேரூன்றிற்று. இன்றும் சரீரமின்றி அங்கக் கல்வி நடவாது. மனமொத்த பெரியோர் தம் மக்களிடம் முன்கூட்டியே சொல்லி எழுதிவைப்பாராயின், இறந்தபின்னும் ஆசிரியராயிருக்கலாம். மூன்றாவது, நம் வீட்டுப் பெண்மக்களை வைத்தியம் பயிலச் செய்தல். மேரி அம்மையாருக்கு மூடிய கதவு நம் வீட்டு வாயிலில் மீண்டும் மூடப்படலாகாது.

அன்பர்காள்! வள்ளுவனார் கூறிய நான்கனோடு ஐந்தாவதாகப் பயிலுவோன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டதே போதனா வைத்தியசாலை. அவனை அஞ்சற்க. நாளை அவனே நம் பேரப்பிள்ளைகளின் படுக்கையருகில் நிற்பான். அவன் நம் வீட்டிலிருந்தே சென்றவனாயிருக்கும்படி செய்வது நம் கையிலுள்ளது.