பங்குக் கணக்கும் எழுத்தும்

வணிகவியல் பயிலும் மாணவர் எவரும் கூட்டாண்மைக் கணக்கைச் செய்யாமல் தேர்வெழுத இயலாது. இருவர் முதலிடுகின்றனர், ஆண்டிறுதியில் இலாபமோ நட்டமோ காண்கிறது, யாருக்கு எவ்வளவு? எளிதாகத் தோன்றும் இவ்வினா இஸ்லாமிய நாகரிகத்தில் எவ்வாறு பயிலப்பட்டது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

கலீஃபா மஃமூனின் ஆட்சிக்காலத்தில் (813-833) பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் 'அல்-ஜப்ர் வல் முகாபலா', அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த நூல் என்பதை யாவரும் அறிவர். அந்நூலின் ஏறத்தாழப் பாதி, வாரிசுரிமை, வஸிய்யத்து ஆகியவை பற்றிய கணக்குகள் என்பதைப் பலர் அறியார். கொடுக்கல் வாங்கல் குறித்த சிறு அத்தியாயமும் அதில் உண்டு. மாதம் பத்துத் திர்ஹம் கூலி பெறும் ஊழியனுக்கு ஆறு நாளைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு வினா. விடை, இரண்டு திர்ஹம். அறிந்த மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் இவ்விதி, 499இல் ஆரியபட்டர் இயற்றிய நூலிலேயே காணப்படும் திரைராசிகமே. விதி புதிதன்று, கூலியாளின் உரிமையையும் வாரிசின் பங்கையும் கணிதப் பாடமாக்கியதே அந்நூலின் சிறப்பு எனலாம்.

பத்தாம் நூற்றாண்டில் அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி (940-998), எழுத்தர்களுக்கும் அலுவலர்களுக்கும் தேவையான கணக்கைத் தனி நூலாக எழுதினார். அதில் ஓரிடத்தில், மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்து வரும் எண்ணை அவர் 'கடன்' என்றே குறிக்கிறார். கடன் இரண்டைப் பத்தால் பெருக்கினால் கடன் இருபது. அதனைச் செல்வம் முப்பத்தைந்துடன் கூட்டினால் பதினைந்து. குறை எண்ணுக்கு விளக்கம் தர அவருக்குக் கைகொடுத்தது வணிகரின் ஏடே.

இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்டோ (ஃபிபொனாச்சி), இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா துறைமுகத்தில், பீசா வணிகருக்கான சுங்க அலுவலராயிருந்த தந்தையிடம் சென்றபோது இந்திய எண்முறையைக் கற்றார். 1202இல் அவர் எழுதிய 'லிபர் அபாசி' நூலில் பண்டமாற்று, கூட்டு வாணிபம், நாணயக் கலப்பு ஆகியவற்றுக்கான கணக்குகள் நிறைந்துள்ளன. பூச்சியத்துக்கு அவர் வழங்கிய பெயர் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லின் திரிபேயாகும். எனினும், 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறையும் முஸ்லிம்களிடமிருந்தே சென்றது என்று கூறப் போதிய சான்றில்லை. உள்ள பெருமையே போதுமானது.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒருவர் ஆறு இலட்சமும் மற்றவர் நான்கு இலட்சமும் இட்டு, இருவரும் உழைக்கின்றனர். இலாபம் ஒரு இலட்சம். ஷாஃபி மத்ஹபின்படி இலாபம் முதலின் விகிதத்திலேயே பிரியும்: 60,000, 40,000. ஹனஃபி மத்ஹபில், சரிபாதி என்று இருவரும் முன்னரே உடன்பட்டிருந்தால் 50,000, 50,000 செல்லும். நட்டமோ இரு மத்ஹபுகளிலும் முதலின் விகிதத்திலேயே பிரியும். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் (1932) கூறுவது வேறு: உடன்படிக்கை இல்லாதவிடத்து இலாபமும் நட்டமும் சமமே. ஆகவே ஒரு இலட்சம் நட்டமானால், நான்கு இலட்சம் இட்டவர் ஃபிக்ஹின்படி 40,000 இழப்பார். எழுதப்படாத கூட்டில் சட்டத்தின்படி 50,000 இழப்பார்.

கூட்டல் கழித்தலில் இங்கு எவரும் பிழை செய்யவில்லை. விடை மாறுவதற்குக் காரணம், கணக்குத் தொடங்குமுன் செய்யப்பட்ட, அல்லது செய்யாமல் விடப்பட்ட உடன்பாடாகும். அல்-பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதப்பட வேண்டும் என்றும், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்றும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், சாட்சிகள் வேண்டும் என்றும் பணிப்பதன் ஆழம் இங்கே விளங்குகிறது. வசனம் பேசுவது கடனைப் பற்றியெனினும், அதன் நோக்கமாகிய ஐயம் நீக்குதல் கூட்டு வாணிபத்துக்கும் பொருந்தும்.

உடன்பிறந்தாரும் மைத்துனரும் சேர்ந்து கடை நடத்தும் நம் குடும்பங்களில், எழுதக் கேட்பது நம்பிக்கையின்மையாகக் கருதப்படுகிறது. கூட்டாளி ஒருவர் மறைந்தபின் அவருடைய மனைவி மக்கள் பங்கு கேட்கும்போது, கணக்கறிந்தவர் பலரிருந்தும் விடை கூற இயலாமற் போவது இதனாலன்றோ? அதன் சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் அநாதைகளும் விதவைகளுமே. நம் கல்லூரிகளில் கூட்டாண்மைக் கணக்கைப் போதிக்கும் ஆசிரியர்கள், ஒரே கணக்கை இம்மூன்று விதிகளின்படியும் செய்யப் பணித்து, அதற்கேற்ற உடன்படிக்கையையும் எழுதச் செய்வார்களாயின், மாணவர் தம் வீட்டுக்கும் பயன்படும் பாடம் ஒன்றைக் கற்றவராவர்.