கட்டம் தெரிந்தால் தமிழ் அழிந்ததா?

நெகிரி செம்பிலானில் கோலா சாவா போன்ற தோட்டப்புறங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு வேர் எது? தாத்தா பெயர், கோயில் கணக்கு, பிறந்த ஊர். 1990களில் பிள்ளைகள் அவற்றைக் கணினியில் தட்டெழுதி வைத்தார்கள். இன்று அதே கோப்பைத் திறன்பேசிக்கு மாற்றினால் புரியாத குறிகள்! “போச்சு” என்று அழித்துவிடுகிறார்கள். உண்மையில் எழுத்து அழியவில்லை. அதைப் படிக்கும் சாவிதான் மாறிவிட்டது.

எப்படி? கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. அன்று ஒவ்வொரு தமிழ் மென்பொருளுக்கும் தனித்தனி எண் பட்டியல். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1991இல் யூனிகோடில் தமிழ் இடம்பெற்றும், அது பரவ ஆண்டுகள் ஆயின. 1999இல் சென்னை மாநாடு தாம், தாப் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. இணையக் குழுக்களோ டிஸ்கியைப் பயன்படுத்தின. 2005இல் செல்லினம் வந்தது. கைப்பேசியிலும் தமிழ்க் குறுஞ்செய்தி பறந்தது. 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது.

ஆகவே வெறும் கட்டம் தெரிந்தால், பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்று பொருள். ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து தெரிந்தால், பழைய குறியீடு. முதலில் மூலக் கோப்பைப் பிரதி எடுங்கள். எந்த எழுத்துருவில் தட்டெழுதியது என்று வீட்டில் கேளுங்கள். பிரதியை மட்டும் எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்குங்கள். பெயர்களையும் தேதிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

தோட்டம் கைமாறலாம், வீடு இடிபடலாம். தாத்தாவின் பெயரை நம் விரலே அழிக்கலாமா?