ரிச்சர்ட் டி சொய்சா வழக்கு: கொலையைத் திறப்பதா, மூடினதைத் திறப்பதா?

அசோக ஹந்தகமவின் ‘ராணி’ படம் 2025 ஜனவரி கடைசியில் திரைக்கு வந்தது. அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் பட்டலந்த ஆணைக்குழு அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த அறிக்கைக்கு அப்பவே வயசு இருபத்தஞ்சுக்குக் கிட்ட. இந்த ரெண்டும் அடுத்தடுத்து வந்ததில எங்கட கூட்டாளிமார் மத்தியில் கொஞ்ச நாளா ஒரே கதை: “அந்தக் காலத்துக் கேஸெல்லாம் திரும்பத் திறக்கணும்.” எதை முதல்ல எண்டு கேட்டால் எல்லாரும் சொல்ற பேர் ரிச்சர்ட் டி சொய்சா.

நானும் அதையே சொல்லித் திரிஞ்சவன்தான். பிறகு இருந்து வாசிக்கத் தொடங்கினதில் ஒரு சந்தேகம் வந்தது. திறக்கிறது எண்டால் எதைத் திறக்கிறது? இந்த வழக்கில் ஆளைக் கொண்டுபோனது யார் எண்டு அடையாளம் சொன்ன சாட்சி 1990 ஆம் ஆண்டே இருந்தது. சாட்சி இல்லாததால மூடின வழக்கு இல்லை இது.

ரிச்சர்டைத் தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லிட்டுப் போறன். 1958 இல் பிறந்தவர். தாய் மனோராணி சரவணமுத்து தமிழர், வைத்தியர். தகப்பன் லூசியன் டி சொய்சா கிரிக்கெட் வீரர், நாடகக்காரர். படிச்சது கல்கிசை சென் தோமஸ் கல்லூரியில். ஆங்கில மேடையில் நடிச்சார், ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், ரூபவாஹினியில் செய்தி வாசிச்சார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘யுகாந்தய’ படத்திலும் நடிச்சிருக்கிறார். ஆக, டீவி இருந்த வீடுகளில் எல்லாம் தெரிஞ்ச முகம். பிறகு இன்டர் பிரஸ் சேர்விஸ் எண்ட சர்வதேசச் செய்தி நிறுவனத்துக்குக் கொழும்பிலிருந்து எழுதினார். அது தெற்கில் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியும் அதை அரசு அடக்கின விதமும் சேர்ந்து ஊரையே சுடுகாடாக்கின காலம். ஆற்றில் பிணம் மிதந்தது, றோட்டோரத்தில் டயர் போட்டு எரிச்ச உடல்கள் கிடந்தன. இதையெல்லாம் வெளிநாட்டுக்குச் சொன்ன சிலரில் இவர் ஒருத்தர்.

1990 பெப்ரவரி 18 அதிகாலையில் இராஜகிரிய வெலிக்கடவத்தையில் இருந்த வீட்டுக்கு ஆயுதத்தோட ஆக்கள் வந்தார்கள். தாயின் கண்ணுக்கு முன்னால் ஆளைக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் மொறட்டுவைப் பக்கம் கடலில் ஒரு மீனவர் உடலைக் கண்டார். தலையிலும் கழுத்திலும் சூடு. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் ரிச்சர்டுக்கு 32 வயசாகியிருக்கும். அந்த உடலைப் பார்த்து இது ரிச்சர்ட்தான் எண்டு அடையாளம் சொன்னவர் மட்டக்களப்பு சிவராம், பத்திரிகையில் ‘தராக்கி’. பதினஞ்சு வருஷத்துக்குப் பிறகு, 2005 ஏப்ரலில், சிவராமும் கொழும்பில் கடத்தப்பட்டு அடுத்த நாள் பாராளுமன்றத்துக்குக் கிட்ட பிணமாகக் கிடந்தார். அந்தக் கொலைக்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஏன் கொன்றார்கள் எண்டதுக்கு ஒண்டுக்கு மேற்பட்ட காரணம் சொல்லப்படுது. ஒண்டு அவர் அனுப்பின செய்திகள். மற்றது ஜனாதிபதி பிரேமதாசவை நக்கலடிச்சு மேடையேற இருந்த ஒரு சிங்கள நாடகம். அதோட சம்பந்தப்பட்ட லக்ஷ்மன் பெரேரா 1990 ஜனவரியிலேயே காணாமல் போயிருந்தார். ரிச்சர்டுக்கும் அதில் பங்கு இருந்ததெண்டு நினைச்சிருக்கலாம். நான் இதுக்குள்ள போகப் போறதில்லை. கொலைக்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்க விடாதது.

கொஞ்ச நாள் கழிச்சு மனோராணி டீவி செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பொலிஸ் அதிகாரி தெரிஞ்சார். அண்டைக்கு வீட்டுக்கு வந்தவர்களில் ஒருத்தர் இவர்தான் எண்டு தாய் அடையாளம் கண்டார். அவர் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் றொனி குணசிங்க. ஜனாதிபதிக்கு நெருக்கமான ஆள் எண்டு பேசப்பட்டவர். மனோராணி அதை நீதிமன்றத்துக்கும் சொன்னார். கண்ணால் கண்ட சாட்சி, படிச்ச வைத்தியர், பேர் சொல்லிச் சொல்றார். பிறகு நடந்தது என்ன? குணசிங்க கைது செய்யப்படவில்லை. மனோராணிக்கும் அவருடைய சட்டத்தரணி பட்டி வீரக்கோனுக்கும் கொலை மிரட்டல் கடிதம் வந்தது. தாய்க்கு வந்த கடிதத்தின் சாரம், மகனுக்காக அழு, அது தாயின் கடமை, அதுக்கு மேல ஏதும் செய்தால் நீயும் சாவாய் எண்டது. நடவடிக்கை எடுக்கப் போதிய சான்று இல்லை எண்டு சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்குச் சொன்னது. விசாரணை ஆணைக்குழு கேட்ட எதிர்க்கட்சிக்கும் மறுப்புத்தான் கிடைச்சது. மூன்று வருஷம் கழிச்சு, 1993 மே தினக் குண்டுவெடிப்பில், பிரேமதாசவோட சேர்ந்து குணசிங்கவும் செத்தார். குற்றம் சாட்டப்படாமலேயே.

ஆட்சி மாறினதுக்குப் பிறகு வழக்கு திரும்பவும் எடுக்கப்பட்டது. அதாவது, இந்தக் கேஸ் ஒருக்கா ஏற்கனவே திறந்தாச்சு. இதை எங்கட ஆக்கள் கனபேர் மறந்துபோறாங்க. மூன்று பொலிஸ்காரர்கள் மேல் குற்றம் சுமத்தி கொழும்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மனோராணி 2001 இல் காலமானார். 2005 இல் மூவரும் விடுதலையானார்கள். 1990 இல் கதைச்ச தாயின் குரல் 2005 இல் இல்லை. பதினஞ்சு வருஷம் இழுத்தடிச்சால் அரசாங்கம் சாட்சியை மிரட்டத் தேவையே இல்லை, வயசு அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இனி சட்டம் என்ன சொல்லுது? எங்கட குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456 ஆம் பிரிவின்படி கொலைக்கும் இராஜத் துரோகத்துக்கும் கால வரையறை இல்லை. மற்றக் குற்றங்களுக்கு 20 வருஷம். ஆகவே ரிச்சர்டைக் கொன்றதுக்கு இண்டைக்கும் வழக்குப் போடலாம். ஆனால் 2005 இல் விடுதலையான மூவர் மேல் அதே குற்றத்துக்குத் திரும்ப வழக்குப் போட ஏலாது. தாய் அடையாளம் காட்டின ஆள் உயிரோட இல்லை. மிஞ்சுறது கட்டளை கொடுத்தது யார், பிறகு மூடினது யார் எண்ட ரெண்டு கேள்விகள்தான். முதலாவதுக்குப் பதில் சொல்லக்கூடிய ஆக்கள் அநேகமாகச் செத்துட்டாங்க. இரண்டாவது அப்படியில்லை. மூடுறது கடுதாசி வேலை. ஒருத்தர் குறிப்பு எழுதியிருக்கணும், இன்னொருத்தர் சிபாரிசு செய்திருக்கணும், மேல இருந்தவர் கையெழுத்து வெச்சிருக்கணும். கொலைகாரன் ராத்திரியில வந்து தடயம் இல்லாமல் போவான். கோவை மூடுறவர் பகலில், கந்தோரில் இருந்து, திகதி போட்டு மூடுறவர்.

செத்த ஆக்களைக் குற்றவாளியாக்குற விசாரணை எப்படி இருக்கும் எண்டதுக்கு விஜய குமாரதுங்க உதாரணம். சிங்களச் சினிமாவின் உச்ச நட்சத்திரம், அரசியல்வாதி. 1988 பெப்ரவரி 16 இல் பொல்ஹேன்கொடவில் தன் வீட்டுக்கு முன்னால் சுடப்பட்டார். சுட்டது ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவு எண்டு லயனல் ரணசிங்க எண்டவர் வாக்குமூலம் கொடுத்தார். விஜயவின் மனைவி சந்திரிகா ஜனாதிபதியானதுக்குப் பிறகு ஆணைக்குழு ஒண்டு வெச்சார். அது பின்னணியில் இருந்தவர்களாக பிரேமதாசவையும் ரஞ்சன் விஜேரத்னவையும் நோக்கி விரல் நீட்டியது. ரெண்டு பேரும் அப்ப குண்டுவெடிப்பில் செத்து வருஷக் கணக்கு. அது உண்மையாகவும் இருக்கலாம், அரசியலாகவும் இருக்கலாம். நீதிமன்றத்தில் சோதிக்க வழியில்லாத முடிவை வெச்சுக்கொண்டு நாங்க என்ன செய்யலாம்?

இதுக்கு மறுபக்கம் வசீம் தாஜுதீன். றக்பி வீரர், ஹெவ்லொக் கழகத்துக்கு விளையாடினவர், நாட்டுக்காகவும் விளையாடினவர். 2012 மே 17 இல் நாரஹேன்பிட்டியில் எரிஞ்ச காருக்குள் உடல் கிடைச்சது. விபத்து எண்டு பொலிஸ் முடிச்சது. 2015 இல் ஆட்சி மாறினதும் சீ.ஐ.டி. கையில் எடுத்து, ஆகஸ்ட் 10 இல் தெஹிவளை மையவாடியில் கப்றைத் தோண்டினார்கள். அப்ப நான் சின்னப் பிள்ளை. டீவியில் அந்தப் பச்சைத் துணி மறைப்பைக் காட்டினபோது எங்கட உம்மம்மா சனலை மாத்தச் சொன்னா. “மௌத்தான பிள்ளைய இனியாவது சும்மா விடக் கூடாதா” எண்டு. வாப்பா மாத்தல்ல. “விபத்தெண்டு சொன்னவன்தான் சும்மா விடல்ல” எண்டார். அந்த ரெண்டு வசனத்துக்கும் நடுவில் நான் இன்னும் நிக்கிறன் எண்டுதான் சொல்லணும்.

தோண்டினதில் கிடைச்சது கொஞ்சமில்லை. தொடை எலும்பு முறிவு, பற்கள் உடைவு எண்டு விபத்துக்குப் பொருந்தாத காயங்களை இரண்டாவது பரிசோதனை சொன்னது. 2016 பெப்ரவரியில் கொழும்பு நீதவான் இதைக் கொலையாகக் கருதி விசாரிக்கச் சொன்னார். முக்கியமான விஷயம் இனித்தான். முதல் பரிசோதனையில் எடுத்த எலும்புகள் சில காணவில்லை எண்டு தெரிஞ்சது, முதல் பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரி மேல் கேள்வி வந்தது. முன்னாள் பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருத்தர் சான்றுகளை மறைச்ச சந்தேகத்தில் 2016 மே மாதம் கைதானார். சீ.ஐ.டி. யாரை முதல் பிடிச்சது பாருங்க. மூடினதாகச் சந்தேகிக்கப்பட்ட ஆளை. அந்தக் கேஸ் கொஞ்சமாவது நகர்ந்தது அந்த வழியால்தான். இதை எழுதுற வரைக்கும் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை எண்டதையும் சேர்த்துச் சொல்லணும். திரும்ப ஆட்சி மாறினதும் எல்லாம் ஆறிப்போச்சு.

பிரபலம் எண்டது வழக்கைச் சாக விடாது, அவ்வளவுதான் அதால முடியும். மனோராணிக்கே அது விளங்கியிருந்தது. தான் அதிர்ஷ்டமான தாய், தனக்கு மகனின் உடலாவது கிடைச்சது, ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு அதுவும் இல்லை எண்டு அவர் சொல்லியிருக்கிறார். கொழும்பின் ஆங்கிலம் பேசுற தமிழ் வைத்தியர், மாத்தறையில் தொடங்கின தாய்மார் முன்னணிக்குத் தலைமை தாங்கி, தெற்கின் கிராமத்துச் சிங்களத் தாய்மாரோட றோட்டில் இறங்கினார். (தாய்மார் முன்னணி எண்ட பேரில் முதல் இயக்கம் 1984 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கினது. தெற்கின் வரலாற்றைச் சொல்றவங்க இதைச் சொல்றது குறைவு.) அதே 1990 செப்டம்பர் 5 இல் எங்கட வந்தாறுமூலை வளாகத்தில் அகதியாய் இருந்த சனத்துக்குள்ள இருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்களில் டீவியில் வந்த முகம் ஒண்டும் இல்லை. அந்தத் தாய்மார் உடலைக்கூடக் காணவில்லை.

தெற்கின் தாய்மார் முன்னணியை ஒழுங்குபடுத்தின ரெண்டு இளம் எம்.பி.மார் மங்கள சமரவீரவும் மஹிந்த ராஜபக்ஷவும். காணாமல் போனவர்களின் விபரங்களை ஜெனீவாவுக்குக் கொண்டுபோக நின்ற அதே மஹிந்ததான் 2006 ஆகஸ்டில் ஜனாதிபதி.

2006 ஆகஸ்ட் எண்டால் மூதூரில் யாருக்கும் விளங்கும். ஊர் முழுக்கக் கந்தளாய்ப் பக்கம் நடந்த மாதம். என்னையும் தூக்கிக்கொண்டு போனதாக உம்மா சொல்லுவா. ஆகஸ்ட் 4 இல், இங்கே சுனாமி நிவாரண வேலை செய்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எஃப். இன் ஊழியர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். கந்தோர் வளவுக்குள் வரிசையாகக் குப்புறக் கிடந்த உடல்கள். உடல்கள் சில திரும்பத் தோண்டி எடுக்கப்பட்டன. ஒரு தோட்டா 5.56 மில்லிமீட்டரா 7.62 ஆ எண்டு சர்வதேச நிபுணர்கள் வரைக்கும் சண்டை நடந்தது. வழக்கு மூதூர் நீதிமன்றத்திலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. சாட்சி சொல்லக்கூடியவன் மூதூரில், நீதிமன்றம் அநுராதபுரத்தில், நடுவில் யுத்தம். உடலகம ஆணைக்குழு 2006 இல் தொடங்கி 2009 இல் முடிஞ்சது. படையினரை விடுவிச்சு, புலிகளோ முஸ்லிம் ஊர்காவல் படையினரோ செய்திருக்கலாம் எண்டு அது சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க 2015 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. ஏ.சி.எஃப். தன் அறிக்கையில் 2013 இல் பாதுகாப்புப் படையினரைத்தான் குற்றம் சாட்டியது. இவ்வளவு நடந்தும் ஒரு ஆளுக்கு எதிராக ஒரு வழக்கு வரல்ல.

வெலிக்கடவத்தையில் சாட்சி இருந்தது, மூதூரில் உடல்கள் இருந்தன. ரெண்டும் மூடப்பட்டன.

அதனால கூட்டாளிமாரிட்ட நான் இப்ப கேட்கிறது வேற. ரிச்சர்டின் பேரைச் சொல்லி ஊர்வலம் போறதுக்கு முந்தி ரெண்டு கடுதாசியைத் தேடுவம். ஒண்டு, 1990 இல் தாயின் அடையாளத்துக்குப் பிறகும் சான்று போதாது எண்டு முடிவெடுத்த குறிப்பு. மற்றது, 2006 இல் மூதூர் வழக்கை அநுராதபுரத்துக்கு மாற்றச் சொன்ன கடிதம். 2016 இல் இருந்து தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கு. தரமாட்டம் எண்டு சொல்லத்தான் பார்ப்பாங்க. ஆனால் மறுக்கிறதையும் அவங்க காரணத்தோட எழுத்தில்தான் தரணும். விண்ணப்பத்தின் முதல் வரைவு என்னிடம் இருக்கு, சிங்களத்தில் திருத்தித் தரக்கூடிய ஒருத்தர் வேணும்.