சட்டையில் குத்திய சின்னக் கொடி



பள்ளிக்கு நிதி திரட்டும்போது கொடுப்பவர்களுக்கு ஏதாவது சின்னப் பொருள் தரலாமா என்று நம் பழைய மாணவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இந்த வழக்கத்துக்கு நல்ல வரலாறு உண்டு.

1904-ல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்ற அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதங்கள் குவிவதைப் பார்த்து யோசித்தார். ஒவ்வொரு கடிதத்திலும் தபால்தலையோடு ஒரு நன்கொடை வில்லையும் ஒட்டினால், அந்தக் காசில் காசநோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே! அரசி லூயிஸ் படம் போட்ட வில்லை வந்தது. முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. 1907-ல் அமெரிக்காவில் எமிலி பிஸ்ஸல் அம்மையார் ஒரு சிறு காசநோய் இல்லத்தைக் காப்பாற்ற அதே வழியில் இறங்கினார். தேவைப்பட்டது 300 டாலர். ஒரு சென்ட் வில்லையில் சேர்ந்தது சுமார் 3,000 டாலர்.

1912-ல் லண்டனில் மருத்துவமனைகளுக்காகச் செயற்கை ரோஜா விற்க ஏற்பாடு செய்தவர் அலெக்ஸாண்டிரா அரசியார். அந்த வில்லையில் இருந்த லூயிஸின் மகள்தான் இவர்!

நம் நாட்டில் 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். படைவீரர் குடும்பங்களுக்காகப் பள்ளிகளில் உண்டியல் குலுங்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். டி.பி. வில்லையும் அப்படித்தான் வந்தது.

இவையெல்லாம் ஏன் வெற்றி பெற்றன? பொருளின் அடக்கவிலை மிகக் குறைவு. பத்துப் பைசா போட்டவர் சட்டையிலும் பத்து ரூபாய் போட்டவர் சட்டையிலும் ஒரே கொடி. ஏழைக்கும் "நானும் கொடுத்தேன்" என்ற நிமிர்வு கிடைத்தது.

ஆனால் அதே கொடிதான் வகுப்பில் கொடாதவனையும் காட்டிக்கொடுத்தது. வகுப்புக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுத்தபோது, காசு கொண்டுவர முடியாத பிள்ளை வெறும் சட்டையோடு தலைகுனிந்து உட்கார்ந்தான். கொடை அங்கே வசூலாகிவிட்டது.

காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் நிலமும் கட்டடமும் நாற்காலியும் கொடுத்த ஊர் மக்களை இழுத்தது பரிசுப்பொருள் அல்ல. தம் பிள்ளைகள் உட்காரப்போகும் இடம் அது என்ற எண்ணம்.

ஆகவே, தாராளமாகக் கொடுங்கள்; ஆனால் சின்னதாக. பிள்ளைகள் வரைந்த ஒரு வாழ்த்து அட்டை போதும். தொகைக்கு ஏற்ற பரிசு வேண்டாம். கொடுக்க முடியாதவருக்கும் அந்த அட்டை ஒன்று போகட்டும். பள்ளி அவருடையதும்தானே!