கிளீனரின் காது

1979ஆம் வருடம், மார்கழி மாதம். கருக்கல் கலையாத நேரம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, புளியமரத்தடியில் எங்கள் லாரி நின்றிருந்தது. எனக்கு 17 வயது. கிளீனராகச் சேர்ந்த முதல் நாள். இன்ஜினைக் கிளப்பிக் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பில் கேபினில் ஏறப்போனேன். டிரைவர் அண்ணன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தார்.

“எறங்குடா தம்பி. மொதல்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாரு. ராத்திரி பூரா அதுக்கு என்ன நோவுன்னு தரையில எழுதி வச்சிருக்கும்.”

குனிந்தேன். மண்ணில் இரண்டு கறுப்புச் சொட்டு. கொஞ்சம் முன்னால் ஓர் ஈரத்திட்டு. தொட்டு, விரலில் தேய்த்து, முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஆயில் பிசுபிசுக்கும். டீசல் வழுவழுக்கும், வாடை விரலை விட்டுப் போகாது. ரேடியேட்டர் தண்ணீரில் துரு வாடை இருக்கும். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை சாவியைத் தொட அவர் விடவில்லை.

லாரியின் வரலாற்றைக் கம்பெனிப் பெயர்களாலும் குதிரைசக்தியாலும் எழுதுவார்கள். எங்கள் பக்கத்து லாரியின் வரலாறு எனக்குக் கிளீனரின் வரலாறு. ஏழு வருடம் கிளீனர், இருபது வருடத்துக்கு மேல் டிரைவர், இப்போது ஜெயங்கொண்டம் சாலையில் சின்னதாக ஒரு பட்டறை. இவ்வளவு காலத்தில் நான் பார்த்த ஒரு தொழில் இன்று கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதோடு சேர்ந்து ஒரு பழக்கமும் மறைந்துகொண்டிருக்கிறது. அது மறையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாரி வருவதற்கு முன்பும் கல் பாரம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் இங்கே தலைநகர் அமைத்துக் கோயில் எழுப்பியபோது, கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, அதே கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். வந்த கல்லும் போன கல்லும் மாடும் மனிதரும் இழுத்தவை.

என் தாத்தா பாரவண்டி ஓட்டியவர். மாட்டை நுகத்தில் பூட்டும் முன் கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மை அச்சில் காய்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பார். அச்சு கிறீச்சிட்டால், பாதி வழியாக இருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவார். டிரைவர் அண்ணன் என்னைக் குனிய வைத்த அன்று எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். மாடு போய் இன்ஜின் வந்தது. புறப்படும் முன் குனிந்து பார்க்கும் வேலை மட்டும் கை மாறிக் கிளீனரிடம் வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் கரி அடுப்பை மாட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள். விடியும் முன் கரி போட்டு, அடுப்பை மூட்டி, சாம்பலைத் தட்டிச் சுத்தம் செய்வது வண்டியின் உதவியாள் வேலை. அந்தக் கரி பஸ்ஸில் போனதை என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

போருக்குப் பின் டீசல் காலம். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து லாரிகள் வந்தன. டாடாவின் டெல்கோ 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்த பிறகும் டாடா லாரிக்கு எங்கள் டீக்கடைகளில் ‘பென்ஸ் வண்டி’ என்றுதான் பெயர். 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி, டீசல் பம்பையும் நாசிலையும் இங்கேயே பெங்களூரில் செய்தது.

நான் சேர்ந்த வண்டி டாடா. அதில் 692 இன்ஜின். ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர். எண்ணிலேயே இன்ஜினின் அளவு இருக்கிறது. பின்னால் வந்த 697க்கும் அதே கணக்குத்தான்.

டீசல் இன்ஜினில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா, அதன் பெரிய உருவம் இது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கும். காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் நாசில் டீசலைப் பனித்தூறலாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1893இல் சோதிக்கத் தொடங்கி 1897இல் வெற்றி கண்ட வித்தை இதுதான். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். மல்லாட்டை விளையும் எங்கள் சீமையில் இதைச் சொன்னால் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆக, காற்று சுத்தமாக வர வேண்டும், நெருக்கம் குறையக் கூடாது, டீசல் தூறலாக விழ வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் இன்ஜின் முதலில் சத்தத்தில் சொல்லும். கேட்காவிட்டால் புகையில் சொல்லும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. அதையும் பார்க்காதவருக்குத்தான் நடு ரோட்டில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் மாவட்டத்தில் இன்ஜினுக்கு முதல் எதிரி தூசி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலாக இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் படிந்த சுண்ணாம்புப் பாறைதான் எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் மரம் கிடக்கிறது. 1939இல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்தது. 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. அந்தப் பழைய கடலைத் தோண்டி, உடைத்து, லாரியில் ஏற்றினோம். அது மாவாகப் பறந்தது. கிளீனரின் இமையெல்லாம் வெள்ளையாகிவிடும்.

அந்த மாவு ஒரு சிட்டிகை சிலிண்டருக்குள் போனாலும் உப்புத்தாள் மாதிரி லைனரையும் ரிங்கையும் தேய்க்கும். ரிங் தேய்ந்தால் நெருக்கம் போச்சு. நெருக்கம் போனால் இழுவை போச்சு. அதனால் ஏர் கிளீனர்தான் எங்களுக்கு முதல் கும்பிடு. அப்போதெல்லாம் அது அடியில் ஆயில் ஊற்றிய கிண்ணம். காற்று ஆயில் மேல் திரும்பி ஏறும்போது தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். மற்ற ஊர் வண்டிகள் வாரக் கணக்கில் பார்ப்பதை நாங்கள் தினம் பார்த்தோம். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் சேறு நிற்கும். டீசலில் கழுவி, துடைத்து, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

கோடு வரைக்கும் என்பதில் உயிர் இருக்கிறது. ஒருநாள் குவாரியில் பக்கத்து வண்டிக் கிளீனர், கூட ஊற்றினால் கூடப் பிடிக்கும் என்று நினைத்து, விளிம்பு வரை ஊற்றிவிட்டான். கிளப்பிய சில நிமிடத்தில் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சிக் குடித்து வெறி பிடித்தாற்போல் அலறத் தொடங்கியது. டிரைவர் ஸ்டாப் நாப்பை இழுத்தார்; நிற்கவில்லை. நாப் நிறுத்துவது டீசலைத்தானே. எங்கள் அண்ணன் ஓடிப்போய், நனைந்த சாக்கை நாலாக மடித்து, காற்றுக் குழாயின் வாயில் அழுத்தி அடைத்தார். மூச்சு முட்டி நின்றது. “கைய வச்சிருந்தா கையையும் இழுத்திருக்கும்” என்று பிறகு சொன்னார். காற்றை அடைப்பதுதான் அதற்கு மருந்து.

அந்தக் காலைக் கிரமம் எனக்கு இன்னும் மனப்பாடம். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஆயில் ராடை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, கிளப்பவே கூடாது. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். ஏர் பிரேக் டேங்கிலும் அப்படித்தான். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது தோளில் துண்டு கூடாது, லுங்கியை இறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். ஃபேனுக்குக் கண் கிடையாது. டிப்பர் தொட்டியைத் தூக்கிவிட்டு அடியில் கை விடுவதென்றால், தாங்கு கம்பி கொடுக்காமல் தலையை நுழைக்கக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் படுக்கக் கூடாது. அந்தப் புகையில் நிறமும் வாடையும் இல்லாத விஷம் இருக்கிறது.

இவை எதுவும் அச்சடித்த தாளில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்டு, அடுத்தவருக்குச் சொன்னது. என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பும் அப்படி ஒரு பாடம். 1981 கோடை. சிமெண்ட் ஏற்றிப் பெரம்பலூரைத் தாண்டும்போது சூட்டு முள் சிவப்பில் ஏறியது. அண்ணன் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டேன். மூடி அழுத்தம் பிடித்து வைத்திருக்கும்வரை, நூறு டிகிரி தாண்டிய தண்ணீரும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாகச் சீறும். முகத்தைத் திருப்பியதால் கண் தப்பியது. அண்ணன் திட்டவில்லை. கையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: “சூடான இன்ஜினுக்கு மருந்து பொறுமைதான்டா. அரை மணி உக்காரு. பச்சத் தண்ணிய இப்ப ஊத்துனா ஹெட் வெடிச்சுப் போகும்.”

பெங்களூர் லோடு கிடைத்தால் தொப்பூர்க் கணவாய். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது அன்று பலருக்குப் பழக்கம். எங்கள் அண்ணன் ஒரு நாளும் செய்ததில்லை. ஏறும்போது போட்ட கியரில்தான் இறங்க வேண்டும் என்பார். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக் டிரம்மில் ஏறும். டிரம் பழுத்துவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. மிச்சம் பிடித்த அரை லிட்டர் டீசலுக்கு உயிரைக் கொடுத்தவர்களின் வண்டிகளை அந்தப் பள்ளத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

டீசல் தீர்ந்து வண்டி நின்றால் பம்புக்குள் காற்று புகுந்துவிடும். ஃபில்டர் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய் டீசல் கம்பியாக வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். தனியாக ஏர் எடுத்துக் கிளப்பத் தெரிந்த அன்று, கிளீனர் டீக்கடையில் டிரைவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரலாம். 1986இல் லைசென்ஸ் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

பெரம்பலூர் 1995இலும் அரியலூர் 2007இலும் தனி மாவட்டமாயின. ஆலைகள் பெருகின, லாரிகள் பெருகின. வாடகை கட்டுப்படியாகாமல் முதலாளிகள் முதலில் கை வைத்தது கிளீனர் சம்பளத்தில். இன்று பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் தனி ஆள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது, புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் வந்தது. ஊருக்கு நல்லது. சாலையோரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தக் கறுப்புப் புகையைக் குடித்த காலத்தைப் பார்த்தவன் நான்.

ஆனால் புது இன்ஜினைப் பழைய கையோடு தொட முடியாது. ஆறு சிலிண்டரில் எது சோம்பல் என்று கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜினில் நாசில் குழாயை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்போம். அப்போது நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் அளவு; அதுவே தோலைத் துளைக்கும், தள்ளி நின்று செய்வோம். இப்போது டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் முறையில் 1,600 பாருக்கும் மேல். லாரி டயரில் இருப்பது எட்டுப் பார்தான் என்றால் கணக்குப் புரியும். அதைத் தளர்த்தினால் டீசல் ஊசியாகச் சதைக்குள் ஏறும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளி. உள்ளே கை அழுகும். பட்டறைக்கு வரும் பழைய மேஸ்திரிகளிடம் இதைக் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

இளைஞர்கள் டேஷ்போர்டு விளக்கை நம்புகிறார்கள். விளக்கு நல்லதுதான், ஆனால் பல கோளாறுகளை அது முற்றிய பிறகுதான் சொல்லும். பெல்ட்டில் விரிசல் விழுவதற்கும் ஹோஸில் கசிவு தொடங்குவதற்கும் விளக்கு இல்லை. கிளீனர் போய்விட்டார் என்றால் அவருடைய அந்த அரை மணி வேலையை டிரைவரே செய்தாக வேண்டும். அதற்கு முதலாளி நேரமும் கொடுத்தாக வேண்டும்.

போன வாரம் ஒரு பையன் சிமெண்ட் லோடோடு பட்டறைக்குள் வேகமாக வந்து, நின்ற கையோடு சாவியைத் திருப்பப் போனான். கையைப் பிடித்தேன். “தம்பி, ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். காத்த உள்ள தள்ளுற டர்போ இன்னும் பழுத்துக் கெடக்கு, ஆயில் ஓடி அத ஆத்தணும்.” பொறுமையில்லாமல்தான் நின்றான். பிறகு அணைக்கச் சொன்னேன். இன்ஜின் அடங்கியது. “இப்ப காது குடு” என்றேன். மெல்லிய விசில் ஒன்று சன்னமாகிக்கொண்டே போய் ஓய்ந்தது.

“என்ன மாமா அது?”

“டர்போ. இஞ்சின் நின்னாலும் அது சுத்திட்டுத்தான் இருக்கும். பேரிங் நல்லா இருந்தா இப்படி இழுத்து ஓயும். போச்சுன்னா சட்டுனு நிக்கும், இல்ல கரகரக்கும்.”

மறுநாள் விடியற்காலையில் பட்டறைக் கதவைத் திறந்தபோது அவன் வண்டி வெளியே நின்றிருந்தது. செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, தரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.